மூன்றாம் முகாமுக்கு மேலே

மூன்றடிக்கு ஒருமுறை நீளக் கம்பைப் பனிக்குள் குத்துகிறார் பூருல் அக்கா. குத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அடியில் பிளவு ஒளிந்திருந்து கம்பு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால், "இது பொய் சொல்லுது" என்று முனகியபடி இடப்பக்கம் ஒதுங்குகிறார். அதே கயிற்றில் கட்டுண்டு பின்னால் வரும் நாங்கள் இருவரும் அவர் கால்தடத்திலேயே கால் வைக்கிறோம். நடுவில் வருபவன் எர்மெக், அக்காவின் கொழுந்தன். கடைசி ஆள் நான். அடிவார முகாமில் சமைப்பவள்.

நாற்பத்தைந்து வயது அக்காவுக்கு. ஐம்பது கிலோ எடை இருந்தால் அதிகம். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்துப் போகும் வெயில் களிம்பைத் தொடமாட்டார். முகமெல்லாம் ஆட்டுவால் கொழுப்புதான். பக்கத்தில் நின்றால் விருந்து வீட்டு வாசனை அடிக்கும். கன்னத்துக்குள் எப்போதும் ஒரு குருத், அதாவது காய்ந்த தயிர் உருண்டை. மீட்டர் கணக்கு அவருக்கு ஆகாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ரெண்டு டீ குடிக்கிற தூரம்" என்பார். மூச்சு வாங்கும் ஏற்றத்திலும் பேச்சு நிற்காது.

இந்த மலைக்கு வெளியூர்க்காரர்கள் ஏதோ ஓர் எண் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'பெரியவர்' என்கிறோம். பதினான்கு கோடைகளாக ஏற வருபவர்களின் மூட்டைகளை மூன்றாம் முகாம்வரை சுமந்தவர் அக்கா. அங்கே இறக்கி வைத்ததும் திரும்பிவிட வேண்டும். மேலே போகிறவர்கள் வேறு.

இந்தக் கோடையில் கடைசிக் குழு ஊர் திரும்பிய பிறகு, "நான் மேல போய்ப் பாக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னார்.

ஏன் என்று நான் கேட்டேன்.

"கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் பாத்திரத்தத் தூக்கிட்டுப் போய்க் குடுத்துட்டுத் திரும்பி வர்ற மாதிரி இருக்குடி. ஒரு தடவையாவது உள்ள போய்ப் பாக்க வேண்டாமா?"

கணவர் ஷர்ஷென் குதிரைக்காரர், அதிகம் பேசாதவர். "போயிட்டு வா. பால் கறக்கறத நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் பால் கறந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

நாங்கள் மூவரும் கிளம்பிய மூன்றாம் நாள் பிற்பகல், மூன்றாம் முகாமுக்குச் சற்றுக் கீழே, அக்காவைத் தாங்கிய பனி எர்மெக்கைத் தாங்கவில்லை. அவன் தொண்ணூறு கிலோ. ஒரு சத்தமும் இல்லாமல் ஆள் காணாமல் போனான். கயிறு என்னைக் குப்புறத் தள்ளி இழுத்தது. தலை நிமிர்ந்தபோது, பனிப்பிளவுக்கு அந்தப் பக்கம் அக்கா பனிக்கோடரிமேல் தன் முழு உடம்பையும் போட்டுக் கிடந்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணி, இங்க நல்லா குளுகுளுன்னு இருக்கு."

"அப்ப அங்கயே குடித்தனம் வச்சிடு. இல்லன்னா சுவத்துல கால ஊனி ஏறு, மாடு."

இன்னொரு கோடரியைப் பனியில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டி, அவனை வெளியே இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்கை சிராய்த்ததோடு சரி. அதுவரை வசை பாடிக்கொண்டிருந்த அக்கா, முகாம் கூடாரத்துக்குள் போனதும் நான் கொடுத்த டீயைத் தொடாமல் ஓரமாக வைத்தார்.

"நாளைக்குக் கீழ இறங்கிடலாம். உனக்கு ஒண்ணு ஆனா உங்க அண்ணன் மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

எர்மெக் முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னான். "பனி மோசமா இருந்தா இறங்குவோம் அண்ணி. நான் விழுந்தேன்னு இறங்காதீங்க. அப்புறம் இந்த மலையப் பாக்கறப்பல்லாம் நான் தலையத் தொங்கப் போட்டுக்கணும்."

"வாய் மட்டும் சிராய்க்கல உனக்கு" என்றார். ஆனால் இறங்குவதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

நான்காம் நாள் முழுக்கக் காற்று. இறங்கவும் வழியில்லை, ஏறவும் வழியில்லை. மூவரும் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். ஐந்தாம் நாள் விடியும் நேரத்தில் அக்கா வெளியே போய், முகாமைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் கம்பைக் குத்திப் பார்த்தார். பனி கல்லாக இறுகியிருந்தது. "எழுந்திருங்க" என்றார்.

அங்கிருந்து மேலே அவர் அறியாத வழி. மூன்று இடங்களில் பாதை முட்டித் திரும்பினோம். பத்து மணிக்குமேல் ஏறுவதற்கு எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று.

உச்சி எங்கள் சமையல் கூடாரத்தைவிடச் சிறியது. அங்கே நின்றிருந்த ஐந்து நிமிடமும் அக்கா எங்களைத்தான் பார்த்தார். எர்மெக்கின் தலைக்கவசப் பட்டையை இறுக்கினார். என் வாயில் ஒரு குருத்தைத் திணித்தார். மேற்கே இருந்த மேகத்தைச் சந்தேகமாக முறைத்தார். "போதும், வெயில் ஏறுது. பனி இளகறதுக்குள்ள இறங்கணும்" என்று விரட்டினார்.

இறங்கும்போது நான் முன்னால், அவர் கடைசியில். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

"கயிறக் கொஞ்சம் தளர்த்துங்க" என்றது அவர் குரல்.

"எதையாவது மறந்துட்டீங்களா அண்ணி?"

நாங்கள் சில அடி மேலேறிக் கயிறு விட்டோம். பூருல் அக்கா தனியாக உச்சிக்குத் திரும்பிப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிச் சற்று நேரம் நின்றார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து, குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுப்பதுபோல, வெறுங்கையால் பனியைத் தட்டினார்.