பானைக்குப் போர்த்திய கம்பளி

அக்காள் அவர்கள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஒரு வருஷம் ஆகிறது. இன்றைய ஜெபத்துக்கு மலையேறி வரும் உற்றார் உறவினர் கையில் கொடுக்க ஏதாவது எழுதித் தா என்று அத்தான் கேட்டுக்கொண்டார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் தம்பியாகிய என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்தால் அசதிதான் வருகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அக்காள் பிறந்தது சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில். மழை பொய்த்த வருஷம் அப்பா எங்களைப் போடி வழியாக நடத்தியே தேவிகுளத்துப் பக்கம் கூட்டிவந்தார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறையும், வாரம் ஒரு கட்டுத் தைலமர விறகும் கிடைத்தன. விறகு பெரும்பாலும் ஈரம். இந்த உயரத்தில் சோறும் லேசில் வேகாது. விறகு போதாமல் பெண்கள் வேலை விட்டதும் காட்டுக்குள் போவார்கள். அப்படிப் போன எங்கள் அம்மாவை ஒரு சாயங்காலம் யானை அடித்துவிட்டது. விறகுக்கட்டு மட்டும் அவிழாமல் கிடந்தது.

அக்காளுக்கு அப்போது கல்யாணமான புதிது. அடக்கம் முடிந்து வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"இனிமே நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் வெறகுக்குக் காட்டுக்குப் போவக் கூடாது. குடுக்கிறத வச்சு நான் பொங்குதேன்."

சொன்னபடி ஆயுசு முழுக்கச் செய்தார். அரிசியையும் பயற்றையும் ராத்திரியே ஊறப்போடுவார். சோறு நன்றாகக் கொதித்ததும் பானையை இறக்கி, மழைக்குப் போர்த்திக்கொள்ளத் தோட்டத்தில் கொடுத்த கம்பளியால் சுற்றி மூலையில் வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிடுவார். பானை அங்கே தானாக வெந்துகொண்டிருக்க, இவர் ஒரு கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளப் போவார். கம்பளி மனுஷிக்கா பானைக்கா என்று கங்காணி ஏசுவார்.

"பானைக்குத்தான் ஐயா. அது குளுந்துட்டா பிள்ளைய பட்டினிலா கெடக்கும்" என்பார் அக்காள்.

அத்தானுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு.

"ஏளா, நனைஞ்சு வந்தவனுக்கு ஒரு செம்பு வெந்நி கூடயா கெடையாது?"

"இன்னைக்கு வெந்நி போட்டா நாளைக்குக் கஞ்சிக்கு வெறகு இருக்காது. பெறவு யாரு காட்டுக்குப் போவா? நீங்களா, உங்க மவளா?"

அத்தான் பச்சைத் தண்ணீரிலேயே குளிப்பார். சிக்கனம் ஒரு நற்குணம் என்று இம்மாதிரி நினைவு மலர்களில் எழுதுவது வழக்கம். நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். எனக்கு அது பயமாகத்தான் தெரிந்தது. அந்தப் பயத்தைச் சுமந்தே அக்காள் ஓய்ந்துபோனார்.

போன வருஷ அடைமழையில் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. அறையில் ராப்பகலாக நெருப்பு இருக்க வேண்டும் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்துக் கட்டு ஒரே நாளில் தீர்ந்தது. ஆனாலும் மறுநாள் நெருப்பு அணையவில்லை. அக்காள் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"ஏலே தம்பி, யாருல காட்டுக்குப் போனா?"

"ஒருத்தரும் போவலக்கா. தோட்டத்துல கூடுதலா குடுத்தாவ."

"வாடையே சொல்லுதே. இது தைலமரம் இல்லல."

மகளை அருகே கூப்பிட்டு, அவள் உள்ளங்கை இரண்டையும் விரித்துப் பார்த்தார். கீறல் ஏதும் இல்லை. அதன்பிறகே நெருப்புப் பக்கம் திரும்பிப் படுத்தார். அடுத்த நாள் மத்தியானம் ஜீவன் பிரிந்தது.

கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டிரஸ்ஸருக்கும், ஜெபித்த உபதேசியாருக்கும், பெட்டி செய்து தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி. நாங்கள் கேளாமலே மழையில் போய் அந்தக் காட்டு விறகைச் சுமந்துவந்த லயத்துப் பெண்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றைய சாப்பாட்டுக்கும் அவர்கள்தான் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகையால், பந்தியில் சோறு ஆறியிருந்தால் யாரும் சூடு பண்ணித் தரச் சொல்ல வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.