பிள்ளை பிறந்த பிறகு நடந்த கல்யாணம்

எங்கள் குடும்பத்தில் எதற்கும் யாரிடமும் யோசனை கேட்கலாம், வக்கீலைத் தவிர. வக்கீலிடம் போகிறவர்கள் இரண்டே வகை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்: பங்காளியோடு நிலத்துக்கு அடித்துக்கொள்கிறவர்கள், புருஷனை விடப்போகிறவர்கள். கணவர் ஜெர்மனியில் வேலைக்குப் போயிருக்க, இரண்டு வயது மகளோடு நான் செங்கல்பட்டு கோர்ட்டுப் பக்கம் நடந்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எம்.எஸ்சி. படித்த நான் போனது திருப்போரூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு.

நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த கொழுந்தன்தான் அழைத்துப்போனார். "எங்க ஆபீஸ்ல நாலு பேருக்கு விசா எடுத்துக் குடுத்தவரு அண்ணி." நாலும் சிங்கப்பூர் சுற்றுலா என்பதைப் பிறகுதான் சொன்னார்.

நானும் மகளும் கணவரோடு அங்கே தங்க அனுமதி வேண்டும். அதற்குத் திருமணச் சான்றிதழ் வேண்டும். முருகன் கோயிலில் தாலி கட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. யாரும் பதியவில்லை, அப்போது எங்கள் தெருவில் பதிந்தவர்களே இல்லை. கணவர் தன்னுடைய ஜெர்மன் விசாவுக்கு எழுதிக் கொடுத்தபோது அந்த உண்மையான தேதியைத்தான் போட்டிருந்தார்.

கடைக்காரர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாலு வருசத்துக் கல்யாணமா? அத்தப் பதியணும்னா அலைஞ்சிகினே கெடக்கணும்மா. உங்க வூட்டுக்காரரு லீவுல வராரு இல்ல? கோயில்ல இன்னொரு தபா மாலைய மாத்துங்க. புதுக் கல்யாணம்னு பதிஞ்சிடலாம்."

"தேதி மாறுமே?"

"நீ எப்பம்மா தாலி கட்டிக்கினன்னா வெள்ளக்காரன் பாக்கப் போறான்?"

கொழுந்தன் சிரித்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார், "நாலும் தெரிஞ்ச மனுசன், சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த மனுஷரின் சட்ட ஞானம் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு சிவப்பு டையும்தான். நான் அதையும் நம்பினேன். டை கட்டியவரிடம் மறுபடி கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன் போலிருக்கிறது.

கணவர் வந்தார். எனக்கு இரண்டாவது கல்யாணம் அதே கோயிலில் நடந்தது. மணமகன் அதே ஆள். "பாப்பாவ மட்டும் ஃபோட்டோவுல வர வுட்டுடாதீங்க, கேஸே கெட்டுடும்" என்று கடைக்காரரே மகளைத் தூக்கிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். தனக்கும் மாலை வேண்டுமென்று அவள் அலறினாள். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். பதிவு அலுவலகத்தில் திருமண நாள் என்ற இடத்தில் போன வெள்ளிக்கிழமை இருந்தது. இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கணவர் திரும்பிப் போன சில மாதங்களில் தூதரகத்துக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரன் பார்த்திருந்தான். கணவருடைய தாளில் ஒரு தேதி, சான்றிதழில் வேறு தேதி, நடுவில் ஒரு குழந்தை. எது பொய் என்று விளக்கச் சொல்லியிருந்தார்கள்.

"பழைய தேதி நிச்சயதார்த்தம்னு எழுதிடலாம் அண்ணி," என்றார் கொழுந்தன்.

"அப்ப பாப்பா?"

"மெதுவாப் பேசு, பக்கத்து வூட்ல கேக்கப் போவுது," என்றார் மாமியார்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். கோர்ட்டுக்கு எதிரே ஒற்றை அறையில் இருந்த வக்கீலம்மா, நான் கொண்டுபோன பழைய கல்யாணப் பத்திரிகையையும் ஆல்பத்தையும் புரட்டினார்.

"இத்தனையும் வெச்சிகினு இன்னொரு கல்யாணம் பண்ணீங்களா? பழைய தேதிலயே பதிஞ்சிருக்கலாமேம்மா. மொதல்லயே வந்திருந்தா சின்ன வேலை."

"வக்கீல்கிட்ட வந்தா ஊர்ல…"

"டைவர்ஸுன்னு பேசுவாங்க. இப்ப மட்டும் பேச மாட்டாங்களா?"

பேசினார்கள். என் பஸ் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. மாமியார் வாசலில் நின்றிருந்தார். "எம் புள்ள அங்க ஒண்டியா கஷ்டப்பட்டுகினு கீறான். நீ கோர்ட்டுப் படி ஏறிட்டு வரியா?"

"அவர்கிட்ட போறதுக்குத்தான் அத்தை ஏறினேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. பயத்தில் நானும் சாப்பிடவில்லை.

வக்கீலம்மா நடந்ததை நடந்தபடியே எழுத வைத்தார். தூதரகம் முதல் விண்ணப்பத்தை நிராகரித்தது. பொய்த் தேதிச் சான்றிதழை நீதிமன்றத்தில் ரத்து செய்து, உண்மைத் தேதியில் பதிந்து, மறுபடி விண்ணப்பித்து முடிக்க மூன்று வருஷம் ஆனது. வாக்குமூலம் கொடுக்க ஒரே ஒரு தடவை, பத்து நாள், கணவர் வந்துபோனார். கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனேன். "அந்த ஆளு ஒரு தாள்லயும் கையெழுத்து போடலம்மா," என்றார் வக்கீலம்மா ஒருநாள். அதன்பிறகு திட்டுவதில் அவ்வளவு சுகமில்லை.

அனுமதி வந்த வாரம் கொழுந்தன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அப்பவே சொன்னேன், நேரா வக்கீலப் பாருங்கன்னு." யாரும் மறுக்கவில்லை. எனக்கும் பெட்டி கட்டுகிற வேலை இருந்தது.

அங்கே விமான நிலையத்தில் கணவர் ஓடிவந்து மண்டியிட்டுக் கைகளை விரித்தார். ஐந்து வயது மகள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரும் விருந்தினருக்குச் செய்வதுபோல இரண்டு கையையும் சேர்த்து, "வணக்கம்" என்றாள்.