கொடி விரிந்தபோது கொட்டிய கெட்டிமேளம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தெரிந்த தொழில் தவில் ஒன்றுதான். ஆனாலும் நடந்ததை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சரியாகச் சொல்வார்கள்? முருகனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டம். அங்கே வேலை செய்யும் ஜனங்கள் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நாகஸ்வரத்தில் தேசிய கீதம் வாசிக்க வேண்டியது என் மச்சான். அந்த நேரம் தவில் கூடாது, கையைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். ஜீப்பில் ஏறியதிலிருந்து வளைவுக்கு வளைவு மச்சான் இதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அது ஆடிக் கடைசி. ஆடியில் கல்யாணம் கிடையாது. நான் கெட்டிமேளம் கொட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது.

ராசிங்காபுரத்திலிருந்து வந்திருந்த பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் கயிற்றை இழுத்தார். கொடி விரிந்தது, உள்ளே முடிந்து வைத்திருந்த பூவெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. பூ விழுவதைப் பார்த்ததும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. தாலி கட்டுகிற நேரம்போல் கெட்டிமேளம் கொட்டிவிட்டேன். அதைக் கேட்டுப் பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். பட்டாளத்துக்காரர் வைத்த சல்யூட் மட்டும் அசையவில்லை. மச்சான் முழங்கையால் இடித்த பிறகுதான் நிறுத்தினேன். அதன் பின் அவர் தேசிய கீதத்தை ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார். நான் அசையாமல் நின்றேன்.

முடிந்ததும் தோட்டத்து சூப்பர்வைசர் வந்தார்.

"காலையிலயே தண்ணியப் போட்டுட்டு வந்திருக்கான். வெரசா ஜீப்புல ஏத்தி அனுப்புங்க."

குடித்துவிட்டு வந்தான் என்ற பேச்சு மலை இறங்கினால், சாமி புறப்பாட்டுக்கு எந்தக் கோயிலிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

"சாமி சத்தியமா இல்லண்ணே, பூவப் பாத்ததும் கை போயிருச்சு" என்றேன்.

பட்டாளத்துக்காரர் கிட்டே வந்தார். "வாய ஊது, மாப்ளே."

ஊதினேன்.

"சுக்குக்காப்பி வாடைதான் வருது" என்றார் சூப்பர்வைசரிடம். "எங் கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசுல நடந்துச்சு. எனக்கு இன்னைக்குத்தான் ஒருத்தன் கெட்டிமேளம் கொட்டியிருக்கான். அவனப் போயி எறக்கிவிடச் சொல்றீங்களே."

காய் பறிக்கும் அக்கா ஒருவர் சும்மா இருக்கவில்லை. "நாங்களுந்தான் கொலவை போட்டோம். எங்க வாயவும் ஊதிப் பாக்குறீகளா? நல்லது நடக்கையில பொத்திக்கிட்டு நிக்கவா சொல்றீக?"

சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன். சாயா குடிச்சிட்டுப் போங்க" என்று என் தோளைத் தொட்டார். அங்கேயே கண்ணை மூடிப் பழனி இருக்கும் பக்கமாகக் கும்பிட்டேன்.

மறுவருடமும் கூப்பிட்டார்கள். கொடி விரிந்ததும் முதலில் கெட்டிமேளமும் குலவையும், அப்புறம் அமைதி, அப்புறம் தேசிய கீதம் என்று அவர்களே வரிசை வைத்துவிட்டார்கள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. கயிற்றை இழுக்கும் முன் பட்டாளத்துக்காரர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். எனக்கு அது போதும்.

ஆனால் அன்று யாரோ செல்போனில் எடுத்த வீடியோ, நான் கொட்டிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிட்டது. அதைப் பார்த்த சிலர், தேசிய கீதத்துக்கே நான் தவில் அடித்ததாகச் சொல்கிறார்கள். அது இல்லை. கீதம் தொடங்கும் முன்பே நிறுத்திவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொன்னால் நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள். என்மேல் உள்ள பிரியத்தில்கூட எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.