கல்லாவில் உட்காராதவர்

சந்தையில் எல்லோரும் அவரைக் 'கத்தி' என்றே கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் சொந்தக் கடையில் மீன் வெட்டியவர். எவ்வளவு பெரிய மீனானாலும் முள் தனி, சதை தனி என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் பிரித்துப் போட்டுவிடுவார்.

போன வருடம் அவர் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: உடம்பில் கீறல் படக்கூடாது, உள்ளே கிருமி போனால் நேரே வால்வில்தான் போய் உட்காரும். இனிமேல் கடையில் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று மனைவி அன்றே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் உட்கார்ந்தார். புதிதாகச் சேர்ந்த வெட்டுக்காரன் பாதிச் சதையை முள்ளோடு விட்டுக் குதறுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தள்ளுப்பா, மீனே அழுதுரும்" என்று கத்தியை வாங்கினார். அப்புறம் தினமும் அதே கதைதான். கையுறை போட்டால் முள் இருக்கும் இடம் தெரியாதாம். குத்தினால் விரலைச் சப்பித் துப்பிவிட்டு அடுத்த மீனை எடுப்பார்.

காய்ச்சல் மூன்று வாரமாக விடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டாக்டரம்மா கேட்டார்: "என்ன வேலை பாக்குறீங்க?"

"மீன் கடைங்க. ஆனா மீனைத் தொடுறதே இல்ல, கல்லாவுலதான் இருக்காரு" என்று மனைவி முந்திக்கொண்டாள். முகத்தில் அவ்வளவு பெருமை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்; இந்தப் பாவி மனுஷன் வாயைத் திறக்காமலே கெட்டார். அவள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அவள் நகரவே இல்லை. வழக்கமான மருந்து ஏறியது, காய்ச்சல் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வால்வில் படிந்திருந்த கிருமிக் கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்துபோய் மூளையில் அடைத்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது.

மத்தியானம் டாக்டரம்மா வேகமாக வந்தார். "ரத்தத்துல வளந்திருக்கறது அபூர்வமான கிருமி. பெரும்பாலும் மீனோ இறைச்சியோ வெட்டுறவங்களுக்குத்தான் வரும். நாம குடுத்த மருந்து இதுக்குக் கேக்காது. முதல்லயே தெரிஞ்சிருந்தா மாத்தியிருக்கலாம். நெஜமாவே இவரு வெட்டுறதில்லையா?"

"சத்தியமா இல்லீங்க." அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்களேன்."

அவர் உதடு கோணியது. இடது கை மட்டும் போர்வையின் மேல் வெடுக்வெடுக்கென்று நகர்ந்தது. செதில் சுரண்டும் இழுப்பு அது. இத்தனை வருடம் அந்தக் கையோடு வாழ்ந்தவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டாக்டரம்மா மருந்தை மாற்ற ஓடினார். மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் சொல்லத்தான் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. ஒரு வார்த்தைகூட வரவில்லை.