புல் தூங்கும் ஐந்து மாதம்

ஜொகூரில் குளிர்காலம் உண்டா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். லாபிஸுக்கு உள்ளே தள்ளி இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் உண்டு. தீபாவளி கழிந்து ஆரம்பிக்கும். பங்குனி உத்திரம் வரை இருக்கும். அந்த மாதங்களிலும் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்க்கும், அது வேறு விஷயம். எங்கள் குளிர்காலத்தை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது.

கல்யாணம் பேசும்போது, மாப்பிள்ளைக்குப் பெரிய துரை பங்களாவில் தோட்டக்கார வேலை, நல்ல குணம், குடி கிடையாது என்றெல்லாம் என்னிடம் சொன்னார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் தண்ணீர் இல்லை என்பதை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. எங்கள் லயம் மேட்டில், கிணறு பள்ளத்தில். இருட்டோடு எழுந்து பால்மரப் பட்டை வெட்டப் போகிறதற்கு முன்னால் ஒரு நடை. எடுத்த பாலை, ரப்பர் செய்யும் ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து மறுபடியும் நடை. காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரண்டு முனையிலும் மண்ணெண்ணெய் டின்னைத் தொங்கவிட்டு ஏறவேண்டும். பாதித் தண்ணீர் என் காலைக் கழுவுவதற்கே சரியாகப் போய்விடும். மழை நாளில் வழுக்கி விழுந்தால் மீதியும் போய்விடும். வந்த முதல் மாதமே எனக்கு இந்த உலகத்தில் வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது. நகை இல்லை, புடவை இல்லை. வாசலில் தண்ணீர்.

எங்கள் லயத்துக்கு மேலே பங்களா. அதற்கும் மேலே ஒரு இரும்புத் தொட்டி. ஸ்டோர் எஞ்சின் ஆற்றுத் தண்ணீரை அதில் ஏற்றும். தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் இறங்கிவந்து பங்களாவின் புல்வெளியைச் சுற்றிச் சுற்றி ஓடும். குழாய் முனையில் பித்தளையால் செய்த மூன்று கைச் சுழலி ஒன்று, சாயங்காலம் முழுக்கத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு நிற்கும். யாரும் தின்னாத புல் அது. மாட்டைக்கூடத் தின்னவிட மாட்டார்கள். நான் டின் சுமந்து ஏறும்போதெல்லாம் மேலே அந்தச் சுழலி சுற்றும் சத்தம் கேட்கும். எனக்கு வயிறு எரியும்.

என் வீட்டுக்காரருக்கோ அந்தப் புல்தான் தலைச்சன் பிள்ளை. "இன்னைக்கு வடக்கு ஓரம் நல்லா பச்சை புடிச்சிருக்கு" என்பார். நான் டின்னைக் கொஞ்சம் சத்தமாக இறக்கி வைப்பேன்.

இப்படி இருக்கும்போது துரை சீமைக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு துரைசாணியோடு திரும்பினார். சின்ன வயசு, வெயிலில் மூக்குத் தோல் உரிந்துபோன மனுஷி. அவருடைய அப்பாவும் சீமையில் இதே மாதிரி புல்வெளி வைத்து, அதற்குக் குழாயும் வைத்திருந்தாராம். அந்தக் குழாயை எந்தப் பருவத்தில் எப்படிப் பராமரிப்பது என்று அவர் மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். துரைசாணி அதை ஒரு நாள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியை வைத்து என் வீட்டுக்காரருக்குச் சொன்னார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், வேட்டி கசங்காதவர். ஒரு வார்த்தையும் சிந்தாமல் மொழிபெயர்ப்பார்.

"துரைசாணி அம்மா சொல்லுறா, குளிர்காலம் துவங்க முன்னம் தண்ணியை நிப்பாட்டி, குழாய் எல்லாத்தையும் கழட்டி, உள்ளுக்க சொட்டுத் தண்ணி இல்லாமல் வடிச்சுப்போட வேணுமாம். துருவைத் தேய்ச்சு, மரையில கொழுப்புப் பூசி, சாக்குச் சுத்தி, ஈரமில்லாத இடத்தில வைக்க வேணும். பங்குனியில திரும்பப் பூட்டலாம். விளங்குதோ?"

"ஏங்கய்யா கழட்டணும்?"

"இல்லாட்டி உள்ளுக்க நிக்கிற தண்ணி கல்லாகிக் குழாய் வெடிச்சுப் போடும்."

இதைச் சொன்னபோது கிராணி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லையாம். துரைசாணி சொன்னார், அவர் சொல்லிவிட்டார். தண்ணீர் கல்லாவது தண்ணீரின் பாடு. என் வீட்டுக்காரர் துரையிடம் போய்க் கேட்டதற்கு, புல்வெளி துரைசாணியின் இலாகா என்று கையை விரித்துவிட்டார். புதுப்பெண்டாட்டியிடம் அவருக்கு அவ்வளவு பயம்.

என் வீட்டுக்காரர் அதை முழுசாக நம்பினார். இரண்டு நாள் குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு திரிந்தார். எனக்குச் சிரித்துச் சிரித்துப் பக்கவாட்டில் வலி கண்டது. அப்படியும் மனுஷர் ஒரு குறை வைக்கவில்லை. அத்தனை குழாயையும் கழற்றி, செங்கல் தூள் போட்டுத் துரு தேய்த்து, சுழலியின் ஒவ்வொரு கண்ணையும் என் தையல் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். பங்களாக் கொட்டகை ஒழுகியது. ஈரம் ஆகாதே! எங்கள் லயத்தின் கடைசி அறை காலியாக இருந்ததால் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து அடுக்கினார். ஊசியைத் திருப்பித் தரவில்லை.

குழாய்கள் என் வீட்டுக்கு அடுத்த அறையில் எண்ணெய் பூசிக்கொண்டு சொகுசாகக் கிடந்தன. நான் வெளியே அடைமழையில் டின் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னேன்.

"புல்லைச் சுத்தி வளைஞ்சு ஓடுன குழாயை நேராப் போட்டா நம்ம வாசல் வரைக்கும் வரும்."

"வேலை போயிடும் புள்ள."

"சரி. நாளையிலேருந்து தண்ணி நீங்க தூக்குங்க."

தூக்கினார். எத்தனை நாள் தூக்கினார் என்று சொல்லி அவர் மானத்தை வாங்க விரும்பவில்லை. சேற்றில் சறுக்கி, இரண்டு டின்னோடும் பள்ளத்துக்கே திரும்பிப் போன அன்று சாயங்காலம் தானாகவே ஸ்பானரை எடுத்தார்.

பால்மரங்களுக்கு நடுவே குழாயைப் போட்டு, சணல் நாரைச் சுற்றி மரையைப் பூட்டி, மேலே சருகைத் தள்ளி மூடினார். தொட்டியில் திறந்துவிட்டு ஓடிவந்தார். பழக்கதோஷத்தில் முனையில் சுழலியையும் மாட்டித் தொலைத்திருந்தார். அது எழுந்து ஒரு சுற்று சுற்றியது பாருங்கள்! காயப்போட்டிருந்த துணி, மிளகாய், வெற்றிலை மடித்துக்கொண்டு வந்த கங்காணி, எல்லாம் நனைந்தது. கங்காணி முகத்தைத் துடைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வீடும் அதே லயத்தில்தான். "என் வாசலுக்குக் கொஞ்சம் கிட்ட வராதா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து லயம் முழுக்க ஒரே வாய். துரைசாணியின் குளிர்காலத்தை யாரும் சந்தேகிக்கக் கூடாது. மாசியில் பால்மரம் மொத்தமாக இலை உதிர்க்கும். துரைமார் அதையும் தங்கள் பாஷையில் குளிர்காலம் என்றுதான் சொல்வார்கள் என்று கிராணி சொன்னார். துரைசாணி மொட்டை மரங்களைப் பார்த்து, ஊர் ஞாபகம் வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாராம். உதிர்ந்த இலை எங்கள் குழாயை மூடிக்கொள்ளும். புல்வெளி வெயிலில் கருகிப் பழுப்பாகும். "புல் தூங்குகிறது" என்பாராம் துரைசாணி. பங்குனியில் அது விழிக்கும். குழாய் மேலே போகும். நான் டின்னை எடுப்பேன். வாசலில் தண்ணீர் கண்ட பிறகு அந்தப் பள்ளம் முன்னைவிட ஆழமாகிவிட்டது. முதல் நாள் கிணற்றடியில் உட்கார்ந்து நான் அழுதே இருக்கிறேன்.

மூன்றாவது வருஷம் மாசியில் துரைக்கு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. கருகின புல்லைப் பார்த்தார். ஆசை அறுபது நாள் கழிந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் இந்தத் தடவை பயமில்லாமல் கத்தினார். என்ன குளிர்காலம், யாருக்குக் குளிர்காலம், நாளைக்கே குழாயைப் போடு என்றார். என் வீட்டுக்காரர் வெளிறிப்போய் வீட்டுக்கு வந்தார்.

குளிர்காலத்தைக் காப்பாற்ற வேண்டும், வேறு வழியில்லை. லயத்துப் பெண்களைக் கூட்டினேன். உச்சி வெயிலில் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பங்களா வாசலில் போய் நின்றோம். நின்று நடுங்கினோம். நான் பல்லையும் கடகடவென்று ஆட்டினேன். என் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

துரைசாணி ஓடிவந்தார். என் நெற்றியைத் தொட்டார். கிராணியிடம் பதறிப்போய் ஏதோ சொன்னார்.

"குளிர்காய்ச்சலாம்" என்றார் கிராணி. "எல்லாருக்கும் மருந்து."

யோசிக்காமல் போய்விட்டேன். அந்தத் தோட்டத்தில் நடுங்கினவர்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம், மலேரியாவுக்குக் கொடுக்கிற கசப்பு மருந்து கொயினா. எங்களை வரிசையாக நிறுத்தி, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றினார். துப்பவும் விடவில்லை, விழுங்கி வாயைத் திறந்து காட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி, "அலமாக், உன் பேச்சைக் கேட்டு வந்தேன் பாரு" என்று கசப்போடு என்னைப் பார்த்தாள். இரண்டு நாள் எனக்குக் காதுக்குள் வண்டு ரீங்கரித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இத்தனை பேருக்கு ஒரே நாளில் காய்ச்சலா என்று பயந்த துரைசாணி, கிராணியைக் கூட்டிக்கொண்டு லயத்தைப் பார்க்க வந்துவிட்டார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. என் வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. குழாய் மூட்டில் அவர் சொன்னபடியே கொழுப்புப் பூசி, சாக்குச் சுற்றி, அவ்வளவு அழகாக இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றார். ஓடவும் தெரியவில்லை அவருக்கு.

துரைசாணி குனிந்து குழாயைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கிராணி சொன்னார்: "குளிர்காலத்தில புல் நித்திரையாம். அதுக்குத் தண்ணி வேண்டாம். அதுவரைக்கும் நீங்கள் எடுக்கலாமாம். தானே துரைக்குச் சொல்லுவாவாம். பங்குனியில புல் முழிச்சதும் குழாயைக் குடுத்துப்போட வேணும்."

லயமே கும்பிட்டது. என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார். நானும் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு உள்ளே வந்ததும் எனக்குக் கோபம் வந்தது. எங்களுக்கு ஐந்து மாதம், புல்லுக்கு ஏழு மாதம். திருடிக் குடித்தபோது இல்லாத எரிச்சல், கேட்டு வாங்கிக் குடிக்கும்போது நெஞ்சில் நின்றது. பெண்களிடம் சொன்னால், கிடைத்த மட்டும் லாபம் என்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபமான காரியம் இல்லை.

பங்குனி வந்தது. மரம் வெட்டிவிட்டு, பால் எடுக்கும் நேரம் வரைக்கும் கொஞ்சம் ஓய்வெடுக்க லயத்துக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் ஸ்பானரோடு குனிந்திருந்தார். நான் போய் அந்தக் குழாய்மேல் உட்கார்ந்துவிட்டேன். திட்டம் ஒன்றும் இல்லை. கால் வலித்தது, கோபம் இருந்தது, உட்கார்ந்தேன்.

"எந்திரி புள்ள."

"மாட்டேன்."

"கெஞ்சிக் கேக்குறேன்."

"அடுத்த மூட்டைக் கழட்டிக்குங்க."

அவர் அடுத்த மூட்டுக்குப் போனார். அங்கே பக்கத்து வீட்டுக்காரி, கொயினா குடித்தவள், டின்னோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். டின்னை வைத்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். அதற்கடுத்த மூட்டில் கங்காணியின் பெண்டாட்டி. இப்படியே தொட்டி மேடு வரைக்கும். என் வீட்டுக்காரர் ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு மேலும் கீழும் நடந்தார். கழற்றுவதற்கு ஆளில்லாத ஒரு மூட்டுகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பால் எடுக்கச் சொல்லி ஸ்டோரில் சங்கு ஊதியது. யாரும் எழவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை பாலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. மரத்துக்கு மரம் கட்டின மங்குக் கிண்ணங்களில் பால் நிரம்பி நின்றது. நேரத்தில் எடுக்காவிட்டால் உறைந்துபோகும். போதாததற்கு மேற்கே மழை கட்டிக்கொண்டு வந்தது. கங்காணி தலையில் கையை வைத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார்.

துரை வந்தார். பின்னாலேயே துரைசாணியும் வந்தார். துரையின் தமிழ் முழுக்க ஏவல்தான். "எழு! போ! பால் எடு!" என்றார் என்னைப் பார்த்து.

"குழாய் இங்கேயே இருக்கும்னு சொல்லுங்க தொரை, போறோம்" என்றேன். எல்லோரையும் லாரியில் ஏற்றி வெளியே தள்ள ஒரு வார்த்தை போதும் அவருக்கு. என் வீட்டுக்காரரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துரை வானத்தைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். துரைசாணியைப் பார்த்தார், அவர் புல்வெளிப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் துளி துரையின் தொப்பியில் விழுந்தது.

"விடு!" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினார். "குழாய் விடு! எல்லாம் போ! பால் எடு!"

ஓடினோம். ஆறு போல் வந்த மழை, நாங்கள் கடைசி வாளியை ஸ்டோரில் இறக்கும்போதுதான் பிடித்தது.

கொஞ்ச நாளில் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் புதுக்குழாய் வந்தது. எங்களுக்கு இல்லை, புல்லுக்கு. என் வீட்டுக்காரர் பளபளவென்றிருந்த அந்தக் குழாயைத் தடவித் தடவிப் பூட்டினார். பழையது எங்களிடமே நின்றுவிட்டது.

சித்திரையில் முதல் வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குழாயடியில் போய் உட்கார்ந்தேன். அதுவரை அந்தத் தண்ணீரில் நான் தலை முழுகியது கிடையாது. திருட்டுத் தண்ணீரில் முழுகப் பயமாக இருந்தது. பிச்சைத் தண்ணீரில் முழுக மானம் விடவில்லை. சீயக்காய் போகும்வரை அலசினேன். போன பிறகும் அலசினேன். மேலே பங்களாவில் சுழலி சுற்றும் சத்தம் கேட்டது. சுற்றிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் எழுந்து முடியைப் பிழிந்தபோதும் தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருந்தது.