முதல் கால் மணி நேரம்

எந்தக் கவர் கைக்கு வந்தாலும் அவள் அதை மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உள்ளே இருக்கும் தாள் ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, தாள் இல்லாத பக்கத்தில் கத்தரியால் மயிரிழை அளவுக்கு வெட்டி எடுப்பாள். மின்சார பில்லுக்கும் அதே மரியாதைதான், தங்கச்சி மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நோட்டீசுக்கும் அதே மரியாதைதான். "பாத்து அக்கா, உள்ள இருக்கறவங்களுக்கு அடிபட்டுடப் போவுது" என்பாள் தங்கச்சி. கால் நூற்றாண்டாக அந்தத் தட்டும் நிற்கவில்லை, அந்தக் கேலியும் மாறவில்லை.

வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு நடிகைக்கு வந்த ரசிகர் கடிதங்களைப் பிரித்துப் படித்துப் பதில் போட்டவள் அவள். பத்தொன்பது வயதில், தட்டச்சு பழகி முடித்த கையோடு அந்த வேலைக்கு வந்தாள். நடிகைக்கு அப்போது இருபத்தைந்து வயது. மூன்று படம் அடுத்தடுத்து ஓடி, வாசலில் காலையிலேயே கூட்டம் சேரத் தொடங்கியிருந்த நேரம்.

வீட்டின் பின்பக்கம், கார் ஷெட்டை ஒட்டி ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, இரும்பு பீரோ, மூலையில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு குழாய். தபால்காரர் தினம் இரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்குவார். முதல் நாள் மேனேஜர் நடிகையின் கையெழுத்து ஒன்றைத் தாளில் கொடுத்து, இதே மாதிரி போடப் பழகிக்கொள் என்றார். அது கோழி கிளறியதுபோல் இருந்தது. அவள் ஒரு வாரம் உட்கார்ந்து அதன் கோணல்களை நிமிர்த்தி, கடைசி எழுத்தின் வாலை நீட்டி, கீழே ஒரு வளைவு கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களில் தொங்கிய போட்டோக்களில் இருந்தது அந்தக் கையெழுத்துதான்.

ஒரு நாள் நடிகையே அந்த அறைக்கு வந்து நின்றார். தியேட்டர் திறப்பு விழா ஒன்றில் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உங்க கையெழுத்து இல்லையே, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே என்று சொல்லிவிட்டானாம்.

"என் கையெழுத்த எனக்குக் கத்துக் குடு" என்று சிரித்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார் நடிகை. பத்துப் பன்னிரண்டு தடவை போட்டுப் பார்த்தார். வால் வந்தால் வளைவு வரவில்லை. "நான் போட்டா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. நீயே போடும்மா, என்னவிட நல்லா நீதான் நானா இருக்க."

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். அவளுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று யோசிக்கிற வயதும் இல்லை.

தங்கச்சியின் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட அவளைக் கூப்பிட்டார்கள். பேனாவை வாங்கினாள், போட்டாள், நகர்ந்தாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தக் கையெழுத்துப் போட்ட போட்டோவ என் சம்சாரம் ஹால்ல மாட்டி வச்சிருக்காளே" என்றார். வாலும் வளைவுமாக நடிகையின் பேர் அங்கே உட்கார்ந்திருந்தது. புதுப் படிவம் வாங்கி, எல்லோரும் மறுபடி கையெழுத்துப் போட்டு, ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கு வைத்த 'கையெழுத்து அக்கா' என்ற பேர் அப்படியே நிலைத்துவிட்டது. அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாவது முறை போடும்போது மட்டும், தன் பேரின் முதல் எழுத்தை எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் தெரியாமல் நின்றதை யாரிடமும் சொல்லவில்லை.

தனக்கென்று ஒரு வாழ்க்கை அமையவில்லை. ஏன் அமையவில்லை என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் கிடையாது. பார்க்க வந்த இரண்டு இடமும் ஏதோ ஒன்றில் தட்டிப்போனது. அம்மா இருந்தவரை பேச்சு இருந்தது. அம்மா போனபின் பேச்சும் போனது. தங்கச்சி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் இருந்தாள். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிவரை மற்றவர்களின் காதல், கண்ணீர், கல்யாணம், குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. எதற்கும் அவள் பேர் தேவைப்படவில்லை.

அவளுக்கு இருபத்தேழு வயதில் அந்தக் கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். புகழ்ச்சி ஒரு வரி இல்லை, எல்லாம் புகார்.

"அன்புள்ள அக்கா, நான் தியேட்டரில் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிற கவுண்டரில் இருக்கேன். படம் போட்டு கால் மணி நேரம் கழிச்சுத்தான் கவுண்டரை மூடுவோம். அதனால் உங்க படம் எல்லாமே எனக்குக் கால் மணி நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்குது. நான் உள்ளே போகும்போது நீங்க ஏற்கெனவே கோவமா இருக்கீங்க. யார்மேல, எதுக்குன்னு தெரியல. பக்கத்து சீட்டில் கேட்டா வாயை மூடும்மாங்கிறாங்க. இந்தப் படம் எப்படி ஆரம்பிக்குதுன்னு நீங்களே எழுதுங்க."

அந்த அறையில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

அச்சடித்த கார்டு ஒன்றை அனுப்பிவிட்டு விட்டிருக்கலாம். அவளோ ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாகத் தியேட்டரில் போய் உட்கார்ந்து, இருட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டாள். சரக்கு ரயிலில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பெண், திருடிய பழத்தைக் கடிக்கப் போகும்போது கதவைத் திறக்கிறான் கதாநாயகன். கோபம் அங்கே ஆரம்பம். நான்கு பக்கம் எழுதினாள். வாலும் வளைவும் போட்டு அனுப்பினாள்.

பதில் எட்டாம் நாளே வந்தது. "இப்பதான் அந்தப் படம் எனக்கு முழுசாச்சு."

அதிலிருந்து பதினாறு வருஷம். அவள் மனசுக்குள் வைத்த பேர் டிக்கெட்காரி. முப்பத்தேழு படங்களின் தொடக்கத்தை டிக்கெட்காரிக்கு எழுதியிருக்கிறாள். நடிகையின் வாழ்க்கை முழுவதும் அந்தத் தொடக்கங்களில் இருந்தது. முதலில் எல்லாம் ஓடிக்கொண்டே வந்தார். ஒரு செருப்பு அறுந்து பரீட்சைக்கு ஓடுகிற மாணவி, ஓடும் பஸ்ஸில் ஏறுகிற வக்கீல். கல்யாணமாகி மூன்று வருஷம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது நடந்து வந்தார். அப்புறம் கதாநாயகனுக்கு அக்காவாகக் கதவைத் திறந்தார். அப்புறம் அம்மாவாகத் தட்டில் டீ கொண்டுவந்தார். ஒரு படத்தில் முதல் கால் மணி நேரத்தில் அவர் வரவே இல்லை, பக்கத்து அறையிலிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது. அந்த இருமலைப் பற்றி மட்டும் அவள் அரைப் பக்கம் எழுதினாள். மூட்டை இரண்டு, ஒன்றாகி, பையாகி, கடைசியில் தபால்காரர் கையிலேயே பிடித்துக்கொண்டு வரும் நாலு கவராகிவிட்டிருந்தது.

டிக்கெட்காரியும் தன்னைப் பற்றி எழுதினாள். விட்டுப்போன புருஷனைப் பற்றி ஒரே வரி. மற்றபடி கைகள். கவுண்டர் துவாரத்தில் அவளுக்கு முகமே தெரியாது, கை மட்டும்தான் தெரியும். மருதாணிக் கை, கிரீஸ் கை, இரண்டு டிக்கெட் கேட்கும்போது நடுங்குகிற கை. "ஊரில் எல்லாரையும் கையை வச்சுத் தெரியும் அக்கா, ரோட்டில் பாத்தா ஒருத்தரையும் தெரியாது."

இப்படி எழுதுகிறவளுக்கு என்ன எழுதுவது? நடிகையின் நாள் எப்படிப் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்ததை எழுதினாள். தங்கச்சி மகன் காய்ச்சலில் படுத்ததை எழுதினாள். சாப்பிடும்போது ரேடியோ போட்டுக்கொண்டால் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதினாள். மூலையில் ஒழுகும் குழாயைப் பற்றி எழுதினாள். அவ்வளவு பெரிய நடிகை வீட்டில் குழாய் ஒழுகுமா என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. டிக்கெட்காரியோ, துணியைச் சுற்றிக் கட்டினால் சத்தம் கேட்காது என்று வழி சொல்லி எழுதியிருந்தாள். அவளும் சுற்றிக் கட்டினாள். சத்தம் நின்றது.

நடிகை தன் கடைசிப் படம் இதுதான் என்று அறிவித்த வருஷம், டிக்கெட்காரியின் தியேட்டரை மூடிவிட்டார்கள். அந்தப் படம் அங்கே வரவே இல்லை. "இனி எனக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல். உங்களை ஒரு தடவை நேரில் பாத்துட்டு வந்துடறேன். பதினாலாம் தேதி வரேன்" என்று கடிதம் வந்தது.

கடிதத்தை வைத்துவிட்டு அவள் ஒரு தாளை எடுத்து மேஜையில் போட்டாள். வராதே என்று எழுதலாம். வெளியூர் போகிறேன் என்று எழுதலாம். தங்கச்சியை விட்டால், இத்தனை வருஷமாக அக்கா அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள். வந்தால் அந்த அக்கா இல்லாமல் போய்விடுவாள். வரவேண்டாம் என்றாலும் போய்விடுவாள். இன்னொன்றும் இருந்தது, அதுதான் அவளை எழுதவிடாமல் தடுத்தது. டிக்கெட்காரியின் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது.

நடிகையிடம் போய்ச் சொன்னாள். பழைய ரசிகை, ரொம்ப வருஷமாக எழுதுகிறவர், பத்து நிமிஷம் போதும் என்றாள். நடிகை மறுக்கவில்லை. "நீயும் கூட இரு, எனக்கு ஞாபகம் இல்லாதத எடுத்துக் குடு" என்றார்.

பதினாலாம் தேதி டிக்கெட்காரி வந்தாள். நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிட வயது அதிகம். மடித்த புடவை முனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். நடிகை பிரியமாகத்தான் பேசினார். பயணம் சௌகரியமா, என்ன சாப்பிடுறீங்க என்றார். அவள் நடிகையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

டிக்கெட்காரி கொஞ்சம் கூச்சம் தெளிந்து கேட்டாள்: "அந்தக் குழாய் இப்ப சரியாயிடுச்சாக்கா?"

"எந்தக் குழாய்?" என்றார் நடிகை.

"ஒழுகுமே. துணி சுத்தினீங்களே."

நடிகை சிரித்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தார், எடுத்துக்கொடு என்பதுபோல். எடுத்துக்கொடுக்க ஒரு பொய் போதும். சரியாயிடுச்சு மேடம், நான்தான் ஆள் வரவழைச்சேன் என்றால் முடிந்தது. பதினாறு வருஷமாக வந்த பொய் அன்று வரவில்லை. "தண்ணி கொண்டுவரேன்" என்று மட்டும் சொல்லி உள்ளே போய், டம்ளரோடு வந்து நீட்டினாள்.

டிக்கெட்காரி டம்ளரை உடனே வாங்கவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள். நடுவிரலின் பக்கவாட்டில் பேனா அழுத்திக் காய்த்துப்போன மேட்டையும், நகக்கண்ணில் கழுவினாலும் போகாத மையையும் பார்த்தாள். பிறகு வாங்கி, ஒரே மூச்சில் குடித்தாள். அதற்குமேல் நடிகையிடம் ஒன்றும் கேட்கவில்லை. உங்க படம் எல்லாம் ரொம்பப் பிடிக்கும்மா என்றாள். 'அக்கா' என்ற அழைப்பு 'அம்மா' ஆகிவிட்டதைக் கவனித்தது நாற்காலிக்குப் பின்னால் நின்றவள் மட்டும்தான்.

கேட்வரை கொண்டுபோய் விட்டாள். டிக்கெட்காரி செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி பேசினாள்.

"கடைசிப் படம் நான் இன்னும் பாக்கல."

"இப்ப நேரம் இருக்கே. இங்கயே ஓடுது. ஆரம்பத்துலேர்ந்து பாக்கலாமே."

"பாக்கலாம். முன்னாடியும் பாத்திருக்கலாம், ஒரு நாள் லீவு போட்டா ஆச்சு. எழுதி வரும்னு இருந்துட்டேன்." புடவை முனையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இதுவும் எழுதி வருமா?"

"மேடம்கிட்ட சொல்றேன்" என்றாள் அவள்.

வாயைத் திறந்ததும் தானாக வந்துவிட்ட பதில் அது. எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகியது.

டிக்கெட்காரி அவள் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. "உங்க பேரு?" என்றாள்.

"நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"சரி" என்று சொல்லிவிட்டு டிக்கெட்காரி நடந்தாள். பஸ் நிறுத்தம்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசிப் படத்தைப் பார்க்கப் போனாள். பிறகு மூன்று முறை போனாள். வசனமே இல்லாத தொடக்கம். பூட்டிக் கிடந்த வீட்டை ஒரு பெண் திறந்து, ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டே போகிறாள். எழுதுவதற்கென்றே எடுத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினாள். இதுவரை எழுதியதிலேயே நன்றாக வந்திருந்தது. கீழே வந்தபோது பேனா நின்றது. வாலும் வளைவும் போட்டால், உண்மை தெரிந்தவளிடமே மறுபடி பொய் சொன்னதாகும். தன் பேரைப் போடலாம். போட்டால், இதற்கு முன் போன முப்பத்தேழும் என்னவாகும்? அவற்றை வருஷக்கணக்காக எழுதியது யார் என்றாகும்? பேர் போடாமல் அனுப்பலாமா என்றும் நினைத்தாள். பேர் கேட்டவளுக்குப் பேர் இல்லாத கடிதமா?

அந்த ஐந்து பக்கத்தை மூன்று முறை வேறு வேறு தாளில் எழுதியாகிவிட்டது. மூன்றும் கடைசி வரியோடு நிற்கின்றன. நடிகை வீட்டை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார். அவள் இப்போது ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். சாப்பாட்டு நேரத்தில் சில நாள் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். யாருக்கு எழுதுற என்று ஒரு தடவை கேட்டார். ஒருத்தங்களுக்கு ஒரு கால் மணி நேரம் தரவேண்டியிருக்கு என்றாள். அவருக்குப் புரியவில்லை.

அந்தக் கால் மணி நேரம் இன்னும் போய்ச் சேரவில்லை.