பலகைகளுக்கு இந்தப் பக்கம்

அப்பாவிடம் நீளமான டீசல் பிக்கப் இருந்தது. மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், குட்டையான இரண்டு கதவு ஜீப். இரண்டுமே நான்கு சக்கரங்களாலும் இழுக்கும் வண்டிகள். எது சிறந்தது என்ற வழக்கு என் பள்ளிப் பருவம் முழுவதும் ஈப்போ வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது.

பீடோரின் செம்மண் மேடுகளில், பாரம் ஏற்றியிருந்தால், பிக்கப்பே உறுதியாக ஏறும். பழைய ஈயச் சுரங்கங்களின் மணலில், டயரில் காற்றைக் குறைத்துவிட்டால் ஜீப் மிதப்பதுபோல் போய்விடும். பிக்கப் தன் எடையாலேயே தன்னைப் புதைத்துக்கொள்ளும். கல் நிறைந்த ஆற்றில் பிக்கப்பின் நீளம் ஒரு குறை, வண்டியின் வயிறு தட்டும். ஆனால் நீரோட்டம் கடுமையானால் அதே வண்டியின் எடைதான் காப்பு. இதற்கெல்லாம் இருவரும் இறுதியில் உடன்பட்டார்கள். உடன்படாத நிலம் ஒன்றுதான். அது பாகான் டத்தோ பக்கத்துச் சதுப்பு.

அப்பா, அம்மா, மாமா மூவரும் வளர்ந்த ரப்பர் தோட்டம் அங்கேதான் இருந்தது. இப்போது அது எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைக் காடு. எனக்கு முன் பிறந்து, பிறந்த மாதமே இறந்துபோன அண்ணனை அந்தத் தோட்டத்து இடுகாட்டில் புதைத்திருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று அம்மா அங்கே போவார். அது மழைக்காலம். இடுகாட்டுக்கு முன்னால் பாரிட் என்று எல்லோரும் சொல்லும் அகலமான வடிகால். அதன் குறுக்கே இரண்டு தடித்த பலகைகள். ஜீப்பின் சக்கரங்கள் அந்தப் பலகைகளில் பொருந்தும்; பிக்கப்பின் சக்கரங்கள் பொருந்தா. அம்மா பிக்கப்பிலிருந்து இறங்கித் தம்பியின் ஜீப்பில் ஏறிக்கொள்வார்.

"நீங்களும் ஏறுங்க லா மச்சான். உங்க லாரி இங்கயே தூங்கட்டும்."

"அந்தத் தகர டப்பாவுலயா? பலகை முறிஞ்சா உன்ன இழுக்க ஆள் வேணும்ல. நான் இங்கயே நிக்கிறேன்."

"ரெண்டு பேரும் வண்டியவே கட்டிக்கிட்டு அழுங்க," என்பார் அம்மா.

ஜீப் அக்கரைக்குப் போகும். நான் அப்பாவோடு நின்றுகொள்வேன். ஒரு முறைகூட அப்பா அந்த ஜீப்பில் ஏறியதில்லை.

அம்மாவின் சிறுநீரகங்கள் பழுதான பிறகு அந்தப் பயணம் நின்றது. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வீடு திரும்பிய ஒரு மாலை, அவர் அப்பாவிடம் சொன்னார்: "என்னைய எரிக்க வேணாம். அவன் பக்கத்துல வச்சிருங்க." அப்பா சரி என்றார்.

சென்ற ஐப்பசியில் அம்மா போனார். பெட்டி கூடத்தில் இருந்தது. வெளியே அப்பாவும் மாமாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சீட்ட கழட்டிட்டேன் மச்சான். பின்கதவ தொறந்து கயித்தால கட்டிட்டா போலாம்."

"கால் பக்கம் வெளிய நீட்டிக்கிட்டா?"

"கொஞ்சந்தான்."

"அவள அப்படிக் கொண்டு போவ மாட்டேன்."

"அப்ப உங்க வண்டியில பாரிட் வரைக்கும் போயி, அங்கேருந்து தூக்கிட்டுப் போலாம்."

மாமா தோட்டத்தில் இன்னும் இருந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். பலகைகளுக்கு அப்பால் இடுப்பளவு வெள்ளம் என்றார் அவர். அப்பா பிக்கப்பை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என் வண்டி போவாது," என்றார். அன்று மாலை ஈப்போ மின்சுடலையில் அம்மாவை எரித்தோம்.

அஸ்தியில் ஒரு பகுதியைக் கடலில் கரைத்தோம். மீதியை அப்பா செம்பில் வைத்திருந்தார். தை மாதம் வெள்ளம் வடிந்ததும் புறப்பட்டோம். பலகைகளுக்கு இந்தப் பக்கம் பிக்கப்பை நிறுத்தினார். ஜீப்பின் முன்னிருக்கையில் ஏறிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன்.

அக்கரையில் லாலான் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. சிமெண்டு பூசிய பெரியவர்களின் சமாதிகள் ஓர் ஓரத்தில் தெரிந்தன. குழந்தைகளின் மண்மேடுகளை வெள்ளம் சமமாக்கிவிட்டிருந்தது. அப்பா மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் மகனைப் புதைத்த நாளில் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்றன. இப்போது எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான செம்பனை வரிசைகள்.

"எந்தப் பக்கம்?"

"நான் எப்பவும் வண்டியிலயே இருப்பேன் மச்சான். அக்கா இந்தப் பக்கமாத்தான் நடப்பாங்க. புல்லுக்குள்ள போயிட்டா தெரியாது."

மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து ஓரிடத்தில் நின்றார்.

"இங்கதான்."

"தெரியுமா?"

"தெரியும்."

எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பா மண்டியிட்டுக் கையாலேயே புல்லை விலக்கித் தோண்டினார். குழியில் உடனே கறுப்பு நீர் ஊறியது. அஸ்தியில் பாதியை அதில் இட்டு மூடினார்.

பிறகு செம்போடு எழுந்து புல்லுக்குள் நடந்தார். ஓரம் வரை போய், திரும்பி, அடுத்த வரிசையில் வந்தார். சில அடிக்கு ஒருமுறை குனிந்து ஒரு சிட்டிகை இட்டார். குழந்தைகளைப் புதைத்த பகுதியில் எந்த இடத்தையும் விடவில்லை.

மாமா உதவப் போனார். அப்பா வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.